நின்ற இடத்தில் இருநூறு

பல்லடத்துப் பக்கம் மில் வைத்திருந்த நஞ்சப்பன், தன் ஷெட்டிலேயே ஒரு குட்டி விமானம் கட்டினார். கட்டியது என்னவோ ஃபிட்டர் தெய்வானைதான். பறந்தபோது வேகமுள் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. முள்ளுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் சின்னத் துளையை இடம் மாற்றி மாற்றி, அளவு சரிதான் என்று உறுதி செய்வதற்குள் அவள் ஓய்ந்துபோனாள்.

நஞ்சப்பன் ஒப்பவில்லை. "ஞாயித்துக்கிழமை விருந்தாளிக வர்றாங்க. முள்ளு இருநூறு காட்டோணும். இல்லீன்னா நீ வேற வேலை பாத்துக்க."

"காட்ட வெச்சுடறனுங்க," என்றாள் அலுப்போடு.

ஞாயிறன்று விருந்தாளிகள் சூழ, நஞ்சப்பன் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். இஞ்சினைக்கூட இன்னும் கிளப்பவில்லை. தெய்வானை அந்தத் துளையில் ரப்பர் குழாயைப் பொருத்தி, சிரிஞ்சால் காற்றை மெல்ல உறிஞ்சினாள். முள் விறுவிறுவென்று இருநூற்றுக்கு ஏறியது. விமானம் கிளம்பிவிட்டதோ என்று பதறிப்போய் அவர் இறங்கக் காலை வெளியே நீட்டினார்.

"குதிச்சுறாதீங்க முதலாளி, இருநூறுல போய்ட்டிருக்கீங்க!"

ஷெட்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இருநூறு காட்ட வெச்சா, தரையிறங்கறப்பவும் முள்ளு இப்படித்தானுங்க பொய் சொல்லும். வேகம் இருக்குதுன்னு நம்பி இருப்பீங்க, நெசத்துல வேகம் பத்தாம பிளேன் கல்லாட்டம் உழுந்துரும்."

நஞ்சப்பன் மெல்லக் கீழே இறங்கினார்.

"நூத்தம்பதே போதும், தெய்வான."

அவள் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, விட்டுப்போன தூக்கத்தையெல்லாம் தூங்க வீட்டுக்குப் போனாள்.