ராக்காயி கட்டுன வளையல் மேடை

ஒரு ஊர்ல ஒரு கடைத்தெரு இருந்துச்சு. ஊருக்கு நட்டநடுவுல. ஒரு காலத்துல அங்க தோளோட தோள் இடிக்காம நடக்க முடியாது. அப்புறம் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளிய தூக்கிட்டுப் போயிட்டாங்க. சனம் அத்தனையும் அங்கயே இறங்கி, அங்கயே வாங்கி, அங்கயே ஏறிப் போயிருச்சு. கடைத்தெருவுல ஈ ஓட்டக்கூட ஈ இல்ல. ம் சொல்லு. காலை ஆட்டாம சொல்லு.

அந்தத் தெருவுல ராக்காயின்னு ஒருத்தி வளையல் கடை வெச்சிருந்தா. அவளுக்கும் அவ ரெண்டு பொம்பளப் புள்ளைங்களுக்கும் அந்தக் கடைதான் சோறு. ஒரு நாள் நகராட்சி சேர்மன் வந்து நின்னாரு. "ஆடி வரைக்கும் பார்ப்பேன். கூட்டம் வரலேன்னா எல்லாத்தையும் இடிச்சுட்டு கார் நிறுத்த விட்டுருவேன்"னாரு. ராக்காயி கடை கடையா ஓடிச் சொன்னா. சொல்லாம இருப்பாளா பின்ன?

அப்புறம் கடைக்காரங்கல்லாம் கூடிப் பேசி, தெரு முனையில ஒரு நீரூற்று வெச்சாங்க. புஸ்ஸ்ஸுன்னு ஆள் உசரத்துக்குத் தண்ணி பீச்சுச்சு. வந்தாங்களே சனம்! எதுக்கு? பைக் கழுவ! கழுவிட்டு டுர்ர்ருன்னு போயிட்டாங்க. சோப்பு கூட வீட்டுலேர்ந்தே கொண்டாந்துட்டானுங்க, சமர்த்தனுங்க.

அப்புறம், சுவரெல்லாம் நாறுதுன்னு அதுல வரிசையா சாமி படம் வரைஞ்சாங்க. முருகன் என்ன, மாரியாத்தா என்ன, கண்ணைப் பறிக்குது. நாத்தம் போச்சு, நிசந்தான். ஆனா சனம் என்ன பண்ணுச்சு? செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டே தெருவைத் தாண்டிருச்சு. கண்ணை மூடுனவன் கடையை எங்க பாக்குறது? நீ மூடலாம், நீ ஒண்ணும் வாங்கப் போறதில்ல.

அப்போ ராக்காயி கடைக்கு ஒரு பொண்ணு வந்தா. நின்னுக்கிட்டே கையை நீட்டுனா. கை கட்டையா விறைச்சுக் கிடக்கு, வளையல் ஏறல. "உக்காரு தாயி"ன்னா ராக்காயி. உக்காந்ததும் கை தானா தளர்ந்துச்சு. கலகல கலகலன்னு ஏறிருச்சு வளையல். பேச்சு வளர்ந்து, தங்கச்சிக்கும் சேர்த்து வாங்கிட்டுப் போனா.

ராக்காயி தலையில அடிச்சுக்கிட்டா. "அட கூறு கெட்டவளே! இத்தனையும் செஞ்சோம், இந்தத் தெருவுல உக்கார ஒரு இடம் வெச்சோமா?"

மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, கடைக்கு எதிர்ல இருந்த வேப்பமரத்தைச் சுத்தி வட்டமா ஒரு சிமெண்டு மேடை கட்டச் சொன்னா. கட்டி முடிச்சா, அது துக்க வீடு மாதிரி இருக்கு. ராக்காயி கடைக்குள்ள போய், வளையல் போடும்போது உடைஞ்ச துண்டெல்லாம் மூட்டையில சேர்த்து வெச்சிருந்தாளே, அதைத் தூக்கிட்டு வந்தா. சிவப்பு, பச்சை, மயில் கழுத்து நிறம். முனை குத்தாம உரசி உரசி, மேல புதுசா பூசுன ஈர சிமெண்டுல பதிச்சா. டக்கு டக்கு டக்கு.

அரிசிக்கடை சிங்காரம் ஓடி வந்தாரு. "உடைஞ்ச வளையலை நடுத்தெருவுல வெக்கலாமா? ஆகாதும்மா!"

"அது குலுங்குன கையெல்லாம் சந்தோஷப்பட்ட கைதானே அண்ணே?"ன்னா. அவரு குனிஞ்சு ஒரு துண்டை எடுத்து அவ கையில குடுத்துட்டுப் போனாரு.

பாதி மேடையிலயே மூட்டை காலி. அப்போ பாத்துக்கிட்டிருந்த ஒரு அக்கா, "எங்கிட்ட கெடக்குடி"ன்னு ஓடிப் போய், பொட்டியில வெச்சிருந்ததைக் கொண்டாந்து தானே பதிச்சா. அப்புறம் ஒவ்வொருத்தியா வந்தாளுக. பள்ளிக்கூடத்துல போட்டது, கல்யாணத்துல போட்டது, எல்லாம் அந்த மேடைக்கு வந்துச்சு. வெயில் பட்டதும் பளபளபளன்னு மின்னுச்சு பாரு, அடேங்கப்பா!

பதிச்சவ சும்மா இருப்பாளா? "என்னுது எங்கன்னு காட்டுறேன் வா"ன்னு மாமியாரைக் கூட்டிட்டு வந்தா. வந்தவங்க உக்காந்தாங்க. உக்காந்தா டீ கேக்குது. டீ குடிச்சா, அப்படியே அரை கிலோ பருப்பு ஞாபகம் வருது. தெரு திரும்ப இரைச்சல் போட ஆரம்பிச்சுது. ம்? முழிச்சிருக்கியா?

அப்போ ஆடியும் வந்துச்சு. கடகடகடன்னு இடிக்கிற வண்டியும் வந்துச்சு!

"கூட்டம் வந்துருச்சே ஐயா!"ன்னு ராக்காயி கதறுனா.

"காண்ட்ராக்ட் குடுத்தாச்சும்மா. பேசுனது பேசுனதுதான்"னாரு சேர்மன்.

ராக்காயி விறுவிறுன்னு போய் மேடையில சம்மணம் போட்டு உக்காந்துட்டா. பக்கத்துல இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. கூட்டத்தை விலக்கிக்கிட்டு, காதுல கம்மல் மின்ன ஒரு அம்மா வந்து நடுவுல உக்காந்தா. யாரு? சேர்மன் பொண்டாட்டி செல்லத்தாயி!

"இந்தப் பச்சை என் வளைகாப்பு வளையல். நானே என் கையால பதிச்சேன். இடிக்கச் சொல்லுங்க, பாப்போம்!"

வண்டிக்காரன் சேர்மனைப் பாத்தான். செல்லத்தாயியைப் பாத்தான். சாவியைத் திருப்பிட்டான். டுப்பு! வண்டி அடங்கிருச்சு.

சேர்மன் தலையைச் சொறிஞ்சாரு. துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "கொஞ்சம் தள்ளி உக்காருடி. எனக்கும் கால் வலிக்குது"ன்னாரு.

குலுலுலுலுன்னு பொம்பளைங்க போட்ட குலவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு. ராக்காயி ரெண்டு புள்ளைங்களையும் கட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே அழுதா.

தெரு பொழைச்சுது, ராக்காயி ஜெயிச்சா, எனக்கும் வாய் வலிக்குது. போர்த்திக்கிட்டு தூங்கு கண்ணு.