புன்னைத்தீவுக்கு இரண்டு துறை

வேலாழிப் பட்டணத்து மகரத்துவச ராஜா புலிக்கு அஞ்சமாட்டார், போருக்கு அஞ்சமாட்டார். படகில் ஏறினால் மட்டும் கதை வேறு. கரையை விட்டுப் படகு நகர்ந்ததுமே தலையை வெளியே நீட்டிவிடுவார். அதை வாந்தி என்று சொல்ல அரண்மனையில் யாருக்கும் அனுமதி இல்லை. "மகாராஜா கடலன்னைக்குக் காணிக்கை செலுத்துகிறார்" என்றுதான் சொல்ல வேண்டும். கடலன்னைக்கு அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

அப்படிப்பட்டவருக்குப் புன்னைத்தீவிலிருந்து ஓலை வந்தது. தீவுத் தலைவன் மகனுக்கு வாழ்க்கைப்பட்ட மகள் செண்பகவல்லி எழுதியிருந்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை உங்கள் பேரனுக்குப் பெயர் வைக்கிறோம். கல்யாணம் ஆகி மூன்று வருஷமாக நீங்கள் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் என் மாமனார் பெயரையே வைத்துவிடுவார்கள்."

மாமனார் பெயர் உடும்பப்பன்.

மன்னர் ஓலையை இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று புதன்கிழமை. உடனே சபையைக் கூட்டினார்.

தீவுக்குப் போக இரண்டு துறைகள் உண்டு. வடதுறை என்றார்கள் பாதிப் பேர். தென்துறை என்றார்கள் மீதிப் பேர். சத்தம் கூரையைத் தொட்டது. அப்போது அமைச்சர் கோளரிநாதர் எழுந்தார். அவையிலே சமயோசிதமாகப் பேசிப் பேர் வாங்கிய அம்பலத்தாடியை அவருக்கு அறவே ஆகாது.

"மகாராஜா, எதற்கு இத்தனை பேர்? அம்பலத்தாடி அறியாத விஷயம் உண்டா? அவரே துறையைச் சொல்லட்டும். தங்களுக்கு ஒரு சிரமம் வந்தாலும் அன்றிலிருந்து அவருக்குச் சபையில் இடம் வேண்டாம்."

"நல்ல யோசனை," என்றார் மன்னர். "அம்பலத்தாடி, படகு ஆடவும் கூடாது, தாமதமும் ஆகக்கூடாது. நாளைக் காலையில் பதில் சொல்."

எந்தத் துறையைச் சொன்னாலும் பழி தன் தலையில்தான் என்று அம்பலத்தாடிக்குப் புரிந்துவிட்டது. எதற்கும் விசாரித்துப் பார்ப்போம் என்று வெயிலோடு வெயிலாகக் கிளம்பினார்.

வடதுறை ஓடக்காரன் கொம்பையா வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

"தீவுக்கு எவ்வளவு நேரம் ஆகும், தம்பி?"

"மூணே நாழிகை, சாமி. நடுவுல ஒரு நீரோட்டம் இருக்கு. பயப்படாதீங்க. ஏறின எல்லாரும் உசுரோடதான் இறங்கியிருக்காங்க."

"மகிழ்ச்சி."

"உசுர் மட்டும்தான். வயித்துல வேற எதையாச்சும் வச்சுக்கிட்டு இறங்கின ஆளை நான் பார்த்ததில்லை."

அங்கிருந்து தென்துறைக்கு நடந்தார். ஓடக்காரன் வேலாண்டி படகின் நிழலில் படுத்திருந்தான்.

"உன் படகு ஆடுமா?"

"என் படகா? தொட்டில்கூட இதைவிட அதிகமா ஆடும், சாமி. குளம் மாதிரித் தண்ணி."

"எப்போது போய்ச் சேரும்?"

"அதைக் காத்துகிட்டதான் கேக்கணும். பாதி தூரம் நல்லாப் போகும். அப்புறம் காத்து விழுந்துடும். நீர் இழுத்து, கிளம்பின கரையிலேயே கொண்டுவந்து விட்டுடும். அந்தா பாருங்க, பாக்கு மூட்டை. இந்த வாரத்துல மூணு தடவை தீவுக்குக் கிளம்பிடுச்சு."

மறுநாள் காலை சபை நிறைந்திருந்தது. கோளரிநாதர் முன்வரிசையில், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"எந்தத் துறை?" என்றார் மன்னர்.

அம்பலத்தாடி கைகட்டி நின்றார். "மகாராஜா, இரண்டு துறைக்கும் ஒரே வித்தியாசம்தான். வடதுறையில் ஏறினால் தாங்கள் தீவுக்குப் போய்விடுவீர்கள். காலையில் சாப்பிட்ட இட்லி போன வழியே திரும்பி வந்துவிடும். தென்துறையில் ஏறினால் இட்லி உள்ளேயே இருக்கும். தாங்கள் போன வழியே திரும்பி வந்துவிடுவீர்கள். ஏதாவது ஒன்று திரும்பியே தீரும். தாங்கள் திரும்புவதா, இட்லி திரும்புவதா? அதை மட்டும் உத்தரவிட்டால், துறையை அடியேன் சொல்லிவிடுகிறேன்."

மன்னருக்கு முன்னால் அந்த விஷயத்தை இதுவரை யாரும் இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்ததில்லை.

மன்னர் மகளின் ஓலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அம்பலத்தாடியைப் பார்த்தார். மீசை துடித்தது. தோள் குலுங்கியது. கடைசியில் சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார்.

"இட்லி திரும்பட்டும்!"

வடதுறையில் படகு தயாரானது. "அமைச்சரே, நீரும் வாரும்," என்றார் மன்னர்.

"மகாராஜா, நான் இப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்!"

"நல்லது. துணைக்கு ஒரு ஆள் இருந்தால் எனக்கும் தெம்பு."

படகில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. தீவில் இறங்கியபோது இரண்டு பேரையும் கைத்தாங்கலாகத்தான் பிடித்து வந்தார்கள். செண்பகவல்லி ஓடிவந்து குழந்தையை அப்பா மடியில் வைத்தாள். குழந்தை தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுத்தது. வெள்ளிக்கிழமை அதற்கு மகரத்துவசன் என்று பெயர் வைத்தார்கள். உடும்பப்பன் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்.

திரும்பும்போது அவசரம் இல்லை என்று வேறு படகில் தென்துறைக்கு வந்தார்கள். நீர் இரண்டு தடவை தீவுக்கே திருப்பி இழுத்துவிட்டதில் மூன்று நாள் ஆனது. வந்ததும் மன்னர் அம்பலத்தாடியை அழைத்தார்.

"உன்னால் பேரனைப் பார்த்தேன். உனக்கு ஐம்பது தென்னையோடு ஒரு தோப்பு தருகிறேன். வருஷா வருஷம் நீயே நேரில் போய்க் காய் பறிக்க வேண்டும். அதுதான் நிபந்தனை."

"மகாராஜாவின் கருணை! தோப்பு எங்கே இருக்கிறது?"

"புன்னைத்தீவில்," என்றார் மன்னர். "எந்தத் துறையில் ஏறுவது என்பது உன் இஷ்டம்."