வீடு மாறாத வாந்திக் கவர்

ஒரு பை இருந்தது. பைக்குள் ஒரு தெரு இருந்தது. தெரு என்று இருந்தால் சண்டைக்கா குறைச்சல்?

அது ஜெசிந்தாவின் பை. ஜெசிந்தா வாரம் முழுக்க மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். கடலுக்குப் போன யாராவது காணாமல் போனால் மட்டும் கடையை அப்படியே விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன விமானத்திடலுக்கு ஓடுவாள். நைனார் அண்ணன் தன் நாலு சீட்டு விமானத்தை ஓட்டுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பாள். சம்பளம் கிடையாது. ஆள் கிடைத்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

சின்ன விமானத்துக்கு மூட்டை முடிச்சு ஆகாது. ஏறும் முன்னால் ஆளையும் பையையும் சேர்த்து எடை பார்ப்பார் நைனார். முள் கொஞ்சம் தாண்டினாலும் போச்சு.

"தாயி, ஒண்ணு பையில உள்ளத இறக்கு. இல்ல, நேத்துத் தின்ன புரோட்டாவ இறக்கு" என்பார்.

அப்படி இறங்கிப் போனவைதான் ஃபிளாஸ்கும் குடையும் மிக்சர் டப்பாவும். மிஞ்சியவர்களுக்குத் தெருவில் ஆளுக்கொரு வீடு. வலது வெளிப்பையில் சாயப்பொட்டலம். இடது வெளிப்பையில் தண்ணீர் பாட்டில். உள்ளே முன்வரிசையில் டார்ச், அதன் பக்கத்தில் விசில். பின்வரிசையில் பிஸ்கட். அடியில் மடித்துப் போட்ட போர்வை. மூடியின் உள்பக்கம் ஒரு வலைப்பை உண்டு, அதில் ஒரு வாந்திக் கவர்.

தினமும் சாயங்காலம் ஜெசிந்தா சுவரில் ஓடும் பல்லியின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, குனியாமல், பைக்குள் கையை விட்டுப் பழகுவாள். "சாயம்!" என்பாள், கை சாயத்தை எடுக்கும். "தண்ணி!" என்பாள், கை தண்ணீரை எடுக்கும். பல்லி ஓடும். கண் விடாது.

காரணம் இருக்கிறது. வானத்திலிருந்து பார்த்தால், கடலில் மிதக்கும் மனிதத் தலை ஒரு மிளகுதான். அலைக்கு நடுவில் ஒரு மிளகு! பார்த்துவிட்டு ஒரு கணம் குனிந்தால் போதும், நிமிர்ந்து பார்க்கும்போது வெறும் கடல்தான் இருக்கும். ஆகவே பார்த்த கண் பார்த்தபடியே இருக்க, கை சாயத்தை எடுத்து ஜன்னல் வழியே போட வேண்டும். தண்ணீரில் விழுந்தால் பச்சைப் பசேலென்று ஒரு முற்றம் அளவுக்குப் பரவும். அப்புறம் அந்த இடத்தைக் குருடன்கூடக் காட்டுவான்.

"நான் பிடிச்சா விடமாட்டேன். மத்த சோலியெல்லாம் உன்னோடது" என்று கண் சொல்லும்.

"சரிதான். ஆனா எனக்குக் கண் கிடையாதே. எனக்கு இடம்தான் கண்" என்று கை சொல்லும்.

இதெல்லாம் வலைப்பைக்குள் இருந்த வாந்திக் கவருக்கு நன்றாகவே கேட்கும். அதற்கு வேறு வேலை என்ன? ஜெசிந்தாவுக்கு ஒரு தடவைகூட வாந்தி வந்ததில்லை. தெருவில் அதை ஒருத்தரும் மதிப்பதும் இல்லை.

"உன்னைப் பார்த்தாலே என் ருசி போயிரும். அங்கிட்டுத் திரும்பிப் படுல" என்று பிஸ்கட் விரட்டும்.

பழிக்குப் பழி வாங்க அந்தக் கவரிடம் ஒரு சொத்து இருந்தது. சரசரவென்று கொஞ்சம் கசங்கினால் யார் குரலும் அதற்கு வரும். டார்ச் போலீஸ்காரர் மாதிரி, "யாரது? நில்லு! மூஞ்சியக் காட்டு!" என்றுதான் பேசும். கவரும் அப்படியே பேசும். பாட்டில் நிதானக்காரி. "நமக்கெதுக்கு... குளுக்... ஊர் வம்பு... குளுக்" என்பாள். கவரும் குளுக் போடும். பிஸ்கட்டுக்கு ஒவ்வொரு சொல்லும் பொடிப்பொடியாகத்தான் உதிரும். விசிலுக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. சாயப்பொட்டலமோ ராஜ வம்சம், 'நான்' என்றே சொல்லாது, 'நாம்' என்றுதான் சொல்லும். அத்தனை குரலும் கவரின் மடிப்புக்குள் இருந்தன. கவருக்கென்று ஒரு குரல் உண்டா என்று கேட்டால், அதற்கே நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெசிந்தா பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் திடலில் ஒத்திகை. நைனார் பார்க்கப் பார்க்கக் கை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்.

கவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசித்த மாத்திரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. 'சாயம்'னு அந்த அக்கா அதிகாரமாச் சொல்ல, கை பிஸ்கட்ட எடுத்து நீட்டினா எப்படி இருக்கும்?

முதலில் ஜெசிந்தாவின் குரலை எடுத்தது. "ராசா, சாயப்பொட்டலமே! உன் தகுதிக்கு வெளிப்பையில கிடக்கலாமா? வெயில் படும், தூசி படும். உள்ள போயிப் போர்வைக்கு அடியில படுத்துக்கோ."

"நம் அருமை இப்போதாவது தெரிந்ததே" என்று சாயப்பொட்டலம் கம்பீரமாக உருண்டு அடிக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டது.

அப்புறம் டார்ச் குரலில், "ஏய் பிஸ்கட்! பின்வரிசையக் காலி பண்ணு! வலது வெளிப்பைக்கு மாத்தல் உத்தரவு!" பிஸ்கட் பயந்து ஓடியது. அப்புறம் பாட்டில் குரலில், "டார்ச் தம்பி... குளுக்... என் வீட்டுல நல்ல காத்து... குளுக்... மாத்திக்கிடுவமா?" டார்ச் இடது வெளிப்பைக்குப் போனது. "தானா வந்த வீட்ட விடுவாங்களா?" என்று பாட்டில் டார்ச்சின் வீட்டில் உருண்டு படுத்தாள். விசிலுக்கு யாரும் ஒன்றும் சொல்லவே இல்லை. எல்லாரும் வீடு மாறுவதைப் பார்த்து அதுவும் எங்கேயோ மாறிக்கொண்டது.

ஸ்கூட்டி திடலை அடையும்போது தெருவே தலைகீழ். கவர் ஒன்றுதான் இருந்த இடத்திலேயே இருந்தது. வாந்திக் கவரின் வீட்டுக்கு மாற யார் சம்மதிப்பார்கள்?

அப்போதுதான் வெளியே நைனாரின் குரல் கேட்டது. அதில் கேலியே இல்லை.

"தாயி, ஒத்திகை இல்ல. நேத்துக் காத்துல ஒரு வள்ளம் கவுந்திருக்கு. மூணு பேரைக் கரை சேத்தாச்சு. வியாகுலத்த மட்டும் காணல. ராத்திரி பூரா தண்ணியில கெடக்கான். ஏறு, சீக்கிரம்."

"வியாகுலம் அண்ணாச்சியா? முந்தாநாளு கடையில வந்து இருமல் மருந்து வாங்கிட்டுப் போனாரே!"

கவருக்குச் சிரிப்பு நின்றது.

"ஏலே, ஏலே! எல்லாரும் அவுகவுக வீட்டுக்குப் போங்க!" என்று சரசரத்தது. "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்!"

"யாரது? எங்களை மறுபடி மடையனாக்கப் பாக்கியா?" என்று டார்ச் அதட்டியது. "இங்கதான் காத்து நல்லா வருது. நகர மாட்டேன்!"

"நான்... குளுக்... செட்டில் ஆயிட்டேன்" என்றாள் பாட்டில்.

சாயப்பொட்டலம் போர்வைக்குள் குறட்டை விட்டது.

விமானம் கிளம்பியது. பை ஜெசிந்தாவின் மடியில் இருந்தது. நைனார் உழவு மாட்டை ஓட்டுகிறவர் மாதிரி கடலைக் கோடு கோடாக உழுதார். போய், திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பினார். கண் அலை அலையாகத் தேடியது. வலைப்பைக்குள் கவர் மட்டும், 'ஆள் கிடைக்கணும், ஆனா கிடைச்சிரக் கூடாதே' என்று இரண்டையும் ஒன்றாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே!" ஜெசிந்தா கத்தினாள். "எம் பக்கம்! ஒரு ஆளு! காலிக் கேனைக் கட்டிப் பிடிச்சு மெதக்காரு!"

"கண்ண எடுக்காத புள்ள! திருப்புதேன். சாயத்தப் போடு!"

கை பைக்குள் பாய்ந்தது. வலது வெளிப்பை. பிடித்தது. பிஸ்கட்!

"நீ இங்க என்னடே பண்ற?"

"மா... மா... மாத்தல் உத்தரவு!"

கை இடது வெளிப்பைக்குப் போனது. டார்ச்! உள்ளே போனது. பாட்டில்! இன்னும் உள்ளே போனது. விசில் குத்தியது. "எங்கடா சாயம்?" என்று கை துழாவியது.

"சீக்கிரம்! இமைக்காம எவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருப்பேன்?" என்று கண் கதறியது.

"தெருவையே காணோம்! ஒரு தடவை குனிஞ்சு பாரு, நீ பாத்தாத்தான் எடுக்க முடியும்."

"குனிஞ்சா அவரு போயிருவாரு."

"குனியலைன்னா சாயம் கிடைக்காது!"

கண் ஒரு மயிரிழை தாழ்ந்தது.

கவருக்கு உடம்பெல்லாம் கசங்கியது. சொன்னால் நம்ப மாட்டார்கள். கெஞ்சினால் நகர மாட்டார்கள். ஆனால் அந்தத் தெருவைக் கவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? உத்தரவுக்கு நகராதவர்கள் சண்டை என்றால் நகர்வார்கள். எந்தத் தெருவில்தான் நகர மாட்டார்கள்?

கவர் டார்ச்சின் குரலை எடுத்தது. "ஏய் பிஸ்கட்! நீ என்ன சாமானா? உன்னக் கடிக்கிறதும் செங்கல்லக் கடிக்கிறதும் ஒண்ணு!"

அடுத்த மூச்சில் பிஸ்கட் குரல். "நீ மட்டும் பெ... பெ... பெரிய சூரியனோ? பகல்ல உன்னத் தே... தேடுற நாதி உண்டா?"

"யாரப் பாத்து நாதிங்கற?" என்று நிஜ டார்ச் இடது வெளிப்பையிலிருந்து எகிறியது. "செ... செங்கல்லா?" என்று நிஜ பிஸ்கட் வலது வெளிப்பையிலிருந்து குதித்தது. இரண்டும் பையின் இடது மூலையில் கட்டிப் புரண்டன.

"சண்டை! சண்டை! பீய்ய்!" என்று விசில் ஓடியது.

"நமக்கெதுக்கு ஊர் வம்பு... குளுக்..." என்று சொல்லிக்கொண்டே பாட்டில் எல்லாரையும் முந்திக்கொண்டு அந்த மூலைக்குப் போனாள். போர்வைக்கோ சண்டை என்றால் உயிர். தன்மேல் இருந்தவர்கள் போனதும் மடிப்பெல்லாம் அவிழ எழுந்து, எட்டிப் பார்க்க மூலைக்கு ஓடியது.

பையின் வலது பக்கம் வெறிச்சோடியது. அங்கே ஒரே ஒருத்தர்தான் படுத்திருந்தார்.

"இந்தப் பாமரச் சச்சரவில் நாம் கலந்துகொள்வதில்லை" என்றது சாயப்பொட்டலம்.

கை நேராக அதன்மேல் விழுந்தது.

"நீயா! போர்வைக்கு அடியில என்ன ராசா பண்ற?"

"நம் தகுதியை உத்தேசித்து..."

"அதெல்லாம் பொறவு பேசுவோம்!"

ஜன்னல் திறந்தது. காற்று அலறியது. பொட்டலம் கீழே கீழே போய்க் கடலில் விழுந்து, பச்சையாக, பரந்து, ஒளிவு மறைவில்லாமல் சிரித்தது. அந்தப் பச்சைக்கு நடுவில் மிளகு மாதிரி ஒரு தலை. மிளகு ஒரு கையைத் தூக்கி ஆட்டியது.

"இருக்காரு அண்ணே! கையாட்டுதாரு!"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்! படகுக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. அவுக வார வரைக்கும் சுத்துவோம்."

சுற்றினார்கள். சுற்றிச் சுற்றிச் சுற்றினார்கள். பச்சை ஒரு பக்கம் கரைந்தாலும் கண் அதை விடவில்லை. கடைசியில் படகு வந்தது. வியாகுலத்தை மூன்று பேராகத் தூக்கி உள்ளே போட்டார்கள். அவர் கேனை மட்டும் விடமாட்டேன் என்று கட்டிப் பிடித்திருந்தது மேலிருந்தே தெரிந்தது.

"அப்பாடா" என்று கண் மூடிக்கொண்டது.

அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, இதுவரை பேசாமலிருந்த ஒருவர் வாயைத் திறந்தார். அவர்தான் வயிறு.

"எல்லாரும் முடிச்சாச்சா? இனி என் முறை."

"அண்ணே... ஒரு மாதிரி வருது..." என்றாள் ஜெசிந்தா.

"ஐயோ, எம் சீட்டு! எம் சீட்டு புதுசு தாயி!"

கை மூடிப் பக்கம் பாய்ந்தது. இந்தத் தடவை தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் வீடு மாறாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தானே!

"நில்லு! நான் டார்ச்!" என்று கவர் அலறியது. "நான்... குளுக்... பாட்டில்! நா... நா... நான் பிஸ்கட்! நாம் ராஜ வம்சம்!"

"எனக்குக் காது கிடையாது. இடம்தான் உண்டு" என்று சொல்லிக் கை அதன் வாயைப் பிரித்தது.

அப்புறம் கவர் பேசவில்லை. வாய் நிறைய இருந்தது.

மூலையில் கட்டிப் புரண்ட டார்ச்சும் பிஸ்கட்டும் சண்டையை மறந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தன. பாட்டில் குளுக் குளுக்கென்று புரைக்கேறச் சிரித்தாள். நைனார் தன் புதுச் சீட்டைத் தடவிப் பார்த்து, ஒரு துளிகூட இல்லை என்று தெரிந்ததும், "இந்தக் கவரக் கண்டுபிடிச்சவன் நல்லாருக்கணும்" என்று மனசார வாழ்த்தினார். அந்த ஜென்மத்தில் கவருக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. வாய் கட்டப்பட்டிருந்ததால் நன்றி சொல்ல முடியவில்லை.

திடலின் ஓரத்து டிரம்முக்குள் கவர் போய்ச் சேர்ந்தது. ஜெசிந்தா பையைத் தரையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒழுங்காத்தானே வச்சேன்? எப்படி இப்படி மாறிச்சு?"

"நம்ம ரோடு அப்படி. ஸ்கூட்டியில குலுங்கியிருக்கும்" என்றார் நைனார். "ஏறுறதுக்கு முன்னாலயும் ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கோ."

அவள் எல்லாரையும் அவரவர் வீட்டில் வைத்தாள். வலது வெளிப்பையில் ஒரு புதுச் சாயப்பொட்டலம். மூடியின் வலைப்பையில் ஒரு புது வாந்திக் கவர், மடிப்புக் கலையாதது. ஒரு தடவை கண்ணை மூடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையை மூடினாள்.

பைக்குள் இருட்டாயிற்று. தெரு என்னவோ போல் இருந்தது. கடைசியில் டார்ச்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கேட்டது.

"யாரது? புதுசா? உனக்கு மத்தவங்க குரல்ல பேசத் தெரியுமா?"

வலைப்பைக்குள் கொஞ்சம் சரசரத்தது. அப்புறம் டார்ச்சின் குரலிலேயே பதில் வந்தது.

"யாரது? நில்லு! எனக்கு அதெல்லாம் தெரியாது!"

பைக்குள் எல்லாரும் அவரவர் இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.