கவலைப்பட ஒரு பலசாலி

கோணக்கரைல எட்டு பேர் சேந்த கயிறு இழுக்குற டீம் ஒண்ணு இருக்கு. அஞ்சு வருஷமா இழுக்குறாங்க. கயிறு மட்டும் இன்னும் இவங்க பக்கம் வரல.

இந்த வருஷம் கேப்டன் சடையாண்டி டீக்கடைல வாய விட்டுட்டாரு. "ஆலடிப்பட்டிகிட்ட இந்தத் தடவையும் தோத்தா, என் மீசைல பாதிய எடுத்துக்கங்கடா!"

சாதாரண மீசை இல்ல அது. காது வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்ற மீசை. பொண்ணு வீட்டுல அதப் பாத்துத்தான் சம்மதம் சொன்னாங்க. ஆள அப்புறந்தான் பாத்தாங்க.

சொன்ன நாள்லேந்து சடையாண்டிக்குத் தூக்கம் இல்ல. அவரப் பாத்து வெள்ளத்துரைக்கு முட்டி வலி. வெள்ளத்துரையப் பாத்து சங்கிலிக்குக் கழுத்துப் புடிப்பு. டீமே கெளம்பி ஆஸ்பத்திரிக்குப் போச்சு.

டாக்டரம்மா எல்லாரையும் தட்டிப் பாத்தாங்க. "உடம்புல ஒரு கோளாறும் இல்ல, எல்லாம் கவலை. கவலைப்பட்டா சதை இறுகும், தூக்கம் போகும், முடிகூட கொட்டும். கவலை வந்தா உள்ளயே வச்சுக்காதீங்க. உடனே யார்கிட்டயாவது சொல்லிடுங்க, லேசாயிடும்."

வெளிய வந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுல கூட்டம் போட்டாங்க.

"யார்கிட்ட சொல்றது?"ன்னான் வெள்ளத்துரை. "நான் சங்கிலிகிட்ட சொன்னா நான் லேசாயிடுவேன், அவன் கனமாயிடுவானே?"

"நான் உடனே உன்கிட்ட சொல்லிடுவேன்ல"ன்னான் சங்கிலி.

ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் வேர்த்துப் போச்சு.

சடையாண்டி மீசையத் தடவிக்கிட்டே தீர்ப்பு சொன்னாரு. "ஒரே ஆள்கிட்ட மொத்தமா சொல்லிடுவோம்டா. அவன் கவலைப்படட்டும், நாம இழுப்போம்."

"எட்டு வீட்டுக் கவலைண்ணே. நோஞ்சான் தாங்குவானா? நல்ல பலசாலியா வேணும்."

ஊர்லயே பலசாலி பேச்சிராசாதான். டீமோட கடைசி ஆள். இடுப்புல கயித்தச் சுத்திட்டு நின்னான்னா எருமை முட்டினாலும் நகர மாட்டான். அவன டீம்லேந்து தூக்கி, கவலைக்குப் போட்டாங்க.

நிழல்ல ஒரு நாற்காலி, பக்கத்துல ஒரு சொம்பு மோரு. ஏழு பேரும் காலைல வரிசைல வந்து கவலையச் சொல்லுவாங்க. பேச்சிராசா மோரக் குடிச்சிட்டு, "சொல்லிட்டீங்கல்ல, போங்க"ம்பான்.

பத்து நாள் கழிச்சு அவன ரேஷன் கடைத் தராசுல ஏத்தினாங்க. நாலு கிலோ கூடியிருக்கு.

சடையாண்டி ஆடிப்போயிட்டாரு. "டேய், நெசமாவே கவலைப்படுறியா?"

"படுறேண்ணே."

"எப்போ?"

"சாப்ட்டுட்டு, தூங்கி எந்திரிச்சு, அப்புறமா."

"நீ ஒழுங்கா கவலைப்படுறியான்னு எங்களுக்குக் கவலையா இருக்குடா."

"அதையும் சொல்லிட்டீங்கல்ல, போங்க."

போட்டி நாளும் வந்துச்சு. அந்தப் பக்கம் ஆலடிப்பட்டி எட்டு பேர், இந்தப் பக்கம் இவங்க ஏழு பேர். எல்லைக்கோட்டு ஓரமா நாற்காலி, பேச்சிராசா, மோரு.

விசில் ஊதினாங்க. கயிறு விறைச்சுது. சங்கிலிக்குக் கை வழுக்குற மாதிரி இருந்துச்சு. கவலை வந்தா உடனே சொல்லணுமே! கயித்த விட்டுட்டு ஓடினான். "பேச்சி, வழுக்குதுடா!"

சங்கிலி போனதப் பாத்து வெள்ளத்துரைக்குக் கவலை. அவனும் ஓடினான், அவன் பின்னாலயே மத்த நாலு பேரும். ஆறு பேரும் போயிட்டாங்களேன்னு சடையாண்டிக்கு வந்துச்சு பாருங்க ஒரு கவலை, மொத்தத்துலயும் பெருசு! அவரும் கயித்த விட்டாரு.

உசிரக் குடுத்து இழுத்துக்கிட்டிருந்த ஆலடிப்பட்டி, கயித்தோட போயி பின்னால கண்மாய்ச் சேத்துக்குள்ள விழுந்துச்சு. ரெண்டு பேருக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு, ஒருத்தருக்குப் பல்லு ஆடுது. ஆனா ஜெயிச்சது அவங்கதான்.

கோணக்கரைக்காரங்க மேல ஒரு கீறல் இல்ல. "டாக்டரம்மா சொன்னது எவ்ளோ சரி பாத்தியா!"ன்னான் சங்கிலி.

அதுக்குள்ள சலூன் கடை தர்மலிங்கம் கத்தியோட வந்து நின்னாரு. "சடையாண்டி, வலது பக்கமா, இடது பக்கமா?"

சடையாண்டி நிமிந்து நின்னாரு. "மீசை போயிடுமேங்குற கவலைய பேச்சிகிட்ட அன்னிக்கே குடுத்துட்டேன். கவலை யாருதோ மீசையும் அவனுது."

நியாயம்னு எல்லாரும் தலையாட்டினாங்க. தர்மலிங்கம் பேச்சிராசா மூஞ்சியத் தூக்கிப் பாத்தாரு. மொழுமொழுன்னு இருக்கு.

"இங்க ஒண்ணுமே இல்லையேப்பா!"

"வளரட்டும். வளந்ததும் பாதிய எடுங்க"ன்னாரு சடையாண்டி.

"எப்படிண்ணே வளரும்?"ன்னான் வெள்ளத்துரை. "கவலைப்பட்டா முடி கொட்டும்னாங்களே. எட்டு வீட்டுக் கவலையும் இவன்கிட்டல்ல இருக்கு!"

"அப்ப கவலைய வேற பலசாலிக்கு மாத்தணும்டா."

எட்டு பேரும் மெதுவா தர்மலிங்கத்தத் திரும்பிப் பாத்தாங்க. எத்தன பேரு தலைய அசையாம புடிச்ச கை அது!

கத்திய வாங்கி ஓரமா வச்சுட்டு, அவர சலூனுக்கே கூட்டிட்டுப் போயி அவரோட சுத்துற நாற்காலிலயே உக்கார வச்சாங்க. கையில மோருச் சொம்பு.

இப்ப ஆறு மாசம் ஆச்சு. கோணக்கரை ஆம்பளைங்க எல்லாருக்கும் முடி தோள் வரைக்கும் தொங்குது. தெனம் சலூன் வாசல்ல வரிசை. மொத ஆளா சடையாண்டி, நெத்தி முடிய வெலக்கிக்கிட்டு உள்ள போவாரு.

"தர்மலிங்கம், ஊர்ல முடி வெட்ட ஒரு ஆள் இல்லையேன்னு கவலையா இருக்குப்பா."

தர்மலிங்கம் மோர ஒரு மடக்கு குடிச்சிட்டு சொல்லுவாரு, "சொல்லிட்டீங்கல்ல? அடுத்த ஆளு வாங்க!"