சுவர் ஓரத்து எண்ணெய்க் கறை

“விளையாட்டுக்குப் பயந்து லீவு போடுற பிள்ளையை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா, மேடம்?”

கேட்டவர் தேவகிருபை டீச்சர். ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவர்.

பதில் சொல்ல வேண்டியவர் ரஹ்மத். டீச்சர்களுக்கே பயிற்சி கொடுக்கிறவர். வயதில் ரொம்பச் சின்னவர்தான். ஆனாலும் தேவகிருபை டீச்சர் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது “என் குரு” என்றுதான் சொல்லுவார்.

“யாரு அந்தப் பிள்ளை?”

“இசக்கின்னு பேரு. மத்த நாளெல்லாம் ஒழுங்கா வருவா. இப்போ கொஞ்ச நாளா வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் விளையாட்டுன்னா வயித்துவலி. அவ அம்மா பீடி சுத்துறவங்க. இந்த வெள்ளியும் அழுதாள்னா டி.சி. வாங்கிட்டுப் போயிருதேன், தங்கச்சி வீட்டுல நின்னு படிக்கட்டும்ங்காங்க.”

“என்ன விளையாட்டு?”

“நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் மேடம்.”

ரஹ்மத் பையிலிருந்து டைரியை எடுத்தார்.

“நான் அவளை ஒரு வார்த்தை திட்டினதில்ல,” என்றார் டீச்சர். “காலையில ஜெபத்துல அவ பேரைச் சொல்லாம எந்திரிக்கிறதில்ல. எங்க தப்பு?”

“எனக்குத் தெரியல டீச்சர். வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு இடம் போடுங்க.”

“நாற்காலி போட்டு வைக்கேன்.”

“வேண்டாம். பிள்ளைகளோட நின்னுக்கிடுதேன்.”

*

வெள்ளிக்கிழமை இசக்கியை அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விட்டார்.

“ஏட்டி, இன்னைக்கு ஒருநாள் மட்டும் போ. பெல் அடிக்கும்போது வாறேன். உனக்கு வேண்டாம்னா வேண்டாம், கூட்டிட்டுப் போயிருதேன்.”

விளையாட்டு தொடங்கியது.

எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் வரும் ஒரு மரபுத்தொடரை டீச்சர் பாதி சொல்லுவார். மீதியைப் பிள்ளை சொல்லி, நடித்தும் காட்ட வேண்டும். வகுப்பு ஐந்து வரை எண்ணும். அதற்குள் வராவிட்டால் அவுட். அவுட் ஆனவர்கள் சுவர் ஓரம் போய் உட்கார வேண்டும்.

“எ பீஸ் ஆஃப்...”

“கேக்!” டார்வின் வாய் நிறைய தின்று காட்டினான். ரொம்பச் சுலபம் என்பதற்கு அப்படிச் சொல்வார்களாம்.

“பட்டர்ஃப்ளைஸ் இன் மை...”

“ஸ்டமக்!” ஷெரின் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துச் சிறகடித்தாள். பயம் வந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அவர்களுக்குப் பட்டாம்பூச்சி பறக்கும்.

“அவங்களுக்கு மட்டும் பயம்கூட அழகா வருது டீச்சர்!” என்றான் டார்வின்.

ஒரே சிரிப்பு.

அடுத்தது ரஹ்மத்.

“ஐ ஆம் ஆல்...”

‘இயர்ஸ்’ என்று முடிக்க வேண்டும்; காதைக் கொடுத்துக் கேட்கிறேன் என்று சொல்லும் தொடர். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்தது. ஆனால் வகுப்பு எண்ண ஆரம்பித்தது.

“ஒன்! டூ! த்ரீ!”

ரஹ்மத் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

“ஃபோர்! ஃபைவ்! அவுட்!”

பிள்ளைகள் குதித்தார்கள்.

“ஐயோ, நீங்க நில்லுங்க மேடம்,” என்றார் டீச்சர்.

“அவுட்னா அவுட்தான் டீச்சர்.” ரஹ்மத் நடந்து போய்ச் சுவர் ஓரம் உட்கார்ந்தார்.

“மை ஹேண்ட்ஸ் ஆர்...”

இது இசக்கிக்கு. அவள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பு எண்ணி முடித்தது. அவளும் சுவருக்கு வந்தாள்.

“இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க மிஸ். அங்க வெயில் அடிக்கும்.”

ரஹ்மத் தள்ளி உட்கார்ந்தார்.

“பயப்படாதீங்க மிஸ்,” என்றாள் இசக்கி. “நடந்து வர்றதுதான் கஷ்டம். வந்து உக்காந்துட்டா ஒண்ணுமில்ல. பெல் அடிக்கிற வரைக்கும் நம்மள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“உனக்கு அந்த வரி தெரியுமா?”

“தெரியும் மிஸ். சொல்ல வாறதுக்குள்ள எண்ணிருதாங்க.”

“எனக்கும் தெரியும்.”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் டார்வினும் ஷெரினும் மட்டும் மாறி மாறிச் சொன்னார்கள். டார்வின் ஜெயித்தான். கைதட்டல்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர் பக்கம் வந்தார்.

“பார்த்தீங்களா மேடம்? வாயே திறக்கல. எங்க தப்புன்னு தெரிஞ்சுதா?”

“ஆட்டத்தை நான் எங்க பார்த்தேன் டீச்சர்? நான் சுவர் பக்கம்லா இருந்தேன்.”

டீச்சர் சிரிக்கப் போனார். சிரிப்பு வரவில்லை.

சுவரைப் பார்த்தார். உட்கார்ந்த பிள்ளைகளின் தலை உயரத்துக்கு வரிசையாக எண்ணெய்க் கறை. எல்லாம் லேசாகத்தான் இருந்தது. மூலையில், இசக்கி சாய்ந்திருந்த இடத்தில் மட்டும் கருத்துப் போயிருந்தது.

“இந்த விளையாட்டை எத்தனையோ ஊர்ல சொல்லிக்கொடுத்திருக்கேன்,” என்றார் ரஹ்மத். “இன்னைக்குத்தான் ஆடினேன்.”

பெல்லுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கி வந்து சுவர் ஓரம் போட்டார்.

“எல்லாரும் இங்க வாங்க. இன்னொரு ஆட்டம். யாரும் எண்ணக் கூடாது.”

“எண்ணலைன்னா எப்படி டீச்சர் அவுட் ஆக்குறது?” என்றான் டார்வின்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இசக்கி. மை ஹேண்ட்ஸ் ஆர்...”

இசக்கி கீழே பார்த்தாள்.

வகுப்பு காத்திருந்தது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“ஃபுல்,” என்றாள் இசக்கி.

கை நிறைய வேலை, மூச்சுவிட நேரமில்லை என்று அர்த்தம். மற்ற பிள்ளைகள் மூட்டை சுமப்பதுபோல நடிப்பார்கள்.

இசக்கி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இல்லாத சொளவை, அந்தப் பீடி முறத்தை, எடுத்து மடியில் வைத்தாள். இலையை எடுத்தாள். தூளை வைத்தாள். சுருட்டினாள். நூலைச் சுற்றினாள். நடுவில் முழங்கையால் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டாள். நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்தாள். மறுபடி இலையை எடுத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

பெல் அடித்தது.

வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, வா,” என்றார். “பையை எடு. போவோம்.”

இசக்கி விரல்களை நிறுத்தவில்லை.

“இரும்மா. நான் இன்னும் அவுட் ஆகலை.”