ஏழு பேரில் ஒருவர்

பிறந்தவர், இறந்தவர், அவரவர் போட்ட கையெழுத்து என எல்லாவற்றையும் யாருக்கு எது என்று ஒன்றோடொன்று இணைத்துக் கோத்து வைத்திருந்தது பதிவு அலுவலகக் கணினி. "செத்த பிறகும் இங்கே கையெழுத்துப் போடுறது யாரு?" என்று அதிகாரி திருமேனிநாதன் அதைக் கேட்டு மூன்று நாளாயிற்று. அது இன்னும் தேடிக்கொண்டே இருந்தது.

தற்காலிக ஊழியர் மரகதவல்லியின் முன் அவர் வேலைநீக்க உத்தரவை வீசினார். "என் டீ ஆறுறதுக்குள்ள பதில் வரணும். இல்லேன்னா இதுல கையெழுத்துப் போட்டுடுவேன்."

மரகதம் கேள்வியைத் தலைகீழாகப் போட்டாள். "செத்தவங்க ரெண்டு லட்சம் ஐயா. இங்கே கையெழுத்துப் போடுறவங்க ஏழே பேரு. அந்த ஏழு பேர்லேருந்து தேடச் சொல்லிட்டேன்."

கண் இமைப்பதற்குள் திரையில் ஒரே பெயர் வந்தது. திருமேனிநாதன். இறப்பு, போன மாசி.

அறை சில்லிட்டது. அவர் தொடாத டீயில் ஆடை படிந்திருந்தது.

"வெளியே போ!" என்று கத்தியபடி உத்தரவில் கையெழுத்திட்டார்.

மரகதம் அசையவில்லை. "செத்தவங்க கையெழுத்து செல்லாதுங்க, ஐயா."