மூன்று பேர் செய்த ஒரு பானை

செங்கமேடு கலை அறிவியல் கல்லூரியில் கணக்குப் படித்த தனக்கோடி, சகாயதாஸ், மும்தாஜ் பேகம் மூன்று பேரைப் பற்றியும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதில் ஒரு குறையும் கிடையாது. அதுதான் குறை.

கடைசி வருஷத்தில் வேறு துறைப் பாடம் ஒன்றை எடுத்தே தீரவேண்டும் என்று விதி. கம்ப்யூட்டர் வகுப்பு நிரம்பிவிட்டது. போட்டோகிராபி நிரம்பிவிட்டது. மண்பாண்ட வகுப்பில் இடம் இருந்தது. சரியாகச் சொன்னால் அங்கே இடம் மட்டும்தான் இருந்தது, ஆளே இல்லை. இவர்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது பரிமளகாந்தி மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். அப்போது அவருக்கு அவர்களைத் தெரியாது.

"சக்கரத்துல மண்ணை வச்சதும் முதல் வேலை, அதை நடுவுக்குக் கொண்டு வர்றது. நட்ட நடுவுல இருக்கணும். நடு தப்பினா எல்லாம் தப்பிடும்" என்று முதல் நாள் சொல்லிவிட்டு, மேடம் ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் போனார்.

"எதோட நடு?" என்று கேட்டான் சகாயதாஸ்.

"ரூமோட நடுவாத்தான் இருக்கும்" என்றாள் மும்தாஜ்.

நூல் பிடித்து அளந்தார்கள். சக்கரத்தை அறையின் நடுவுக்கு இழுத்து வைத்தார்கள். தனக்கோடிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"இந்த ரூமே காலேஜோட மூலையில இருக்கு. மூலைக்குள்ள ஒரு நடுன்னா, அது நடுவா, மூலையா?"

மூவரும் கணக்கு மாணவர்கள். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக அவர்களால் முடியவில்லை. தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடவேண்டும் என்று சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி, மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டார்கள். இரண்டும் முதல்வர் அறையில் போய் வெட்டிக்கொண்டன.

முதல்வர் கூட்டம் முடிந்து திரும்பியபோது அவருடைய மேசை வராந்தாவில் இருந்தது. மேசை இருந்த இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. என்ன ஏது என்று அவர் உள்ளே நுழைந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. நீங்க நடுவுல நிக்கிறீங்க" என்றாள் மும்தாஜ் பணிவாக.

முதல்வர் கத்தவில்லை. மேடத்தை வரவழைத்து நிதானமாகச் சொன்னார். "இந்த வகுப்புல இருக்கறதே மூணு பேரு. பரீட்சையில மூணும் தேறலைன்னா, அடுத்த வருஷம் அந்த ரூம் சைக்கிள் ஸ்டாண்டு."

மேடம் அறைக்குத் திரும்பினார். அவர் முகம் வாடியிருந்ததை மூவரும் பார்த்தார்கள். "கவலைப்படாதீங்க மேடம், உங்களைச் சைக்கிள் ஸ்டாண்டா ஆக விடமாட்டோம்" என்று சகாயதாஸ் வாக்குக் கொடுத்தான்.

அன்றிலிருந்து ஒரு சொல் விடாமல் குறித்துக்கொண்டார்கள். ஒருநாள் மேடம் பாடத்துக்கு நடுவே, "மண்ணுக்கு ஞாபகம் உண்டு. நீங்க அதை எப்படி நடத்துறீங்களோ அதை மறக்காது. கோணலைத் தட்டி நிமிர்த்திட்டோம்னு நினைப்பீங்க, சூளைக்குள்ள போனதும் காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

தனக்கோடி வெளிறிப்போனான். அன்று காலையில்தான் அவன் அந்த மண்ணை நாற்பது அடி அடித்திருந்தான், பிசைவதற்காக. போதாததற்கு ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லியிருந்தான்.

"மன்னிப்புக் கேட்டுடு" என்றாள் மும்தாஜ்.

"எந்த உருண்டைகிட்டக் கேக்கறது? எல்லாம் கலந்துடுச்சே."

"பொதுவாக் கேளு."

அவன் பொதுவாகக் கேட்டான். அதற்குப் பிறகு மூவரும் மண்ணை 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார்கள். மிச்சம் வைத்த மண்ணை ஈரத்துணியால் மூடும்போது, "நாங்க கிளம்பறோம்ங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மும்தாஜ் ஒருபடி மேலே போய், தனக்கு மனப்பாடம் ஆகாத சூத்திரங்களைத் தினமும் மண்ணிடம் வாசித்துக் காட்டினாள். இரண்டு பேரில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கட்டுமே என்றாள்.

இப்படியே நான்கு மாதம் ஓடி, ஆளுக்கொரு பானை எப்படியோ உருவாகிவிட்டது. அவர்களுக்கே நம்ப முடியவில்லை. "காயறதுக்குள்ள அடியில எழுதிடுங்க, உங்க பேர்" என்று மேடம் சொன்னார். குச்சியை எடுத்து, மூன்று பானைகளின் அடியிலும் 'உங்க பேர்' என்று அழகாக எழுதினார்கள்.

காய்ந்த பானைகள், பரீட்சைக்கு முந்தின நாள், மின்சாரச் சூளைக்குள் போயின. அன்று மேடம் அக்கா வீட்டு விசேஷத்துக்காக வெளியூர் போயிருந்தார். ராத்திரி ஏழு மணிக்குப் போன் செய்தார்.

"சூளை அணைஞ்சுதா?"

"அணைஞ்சுடுச்சு மேடம்."

"நல்லது. ஆறட்டும். ஆறாம யாரும் கதவுல கை வைக்கக் கூடாது. காலைல ஒன்பதுக்கு நான் வந்துடுவேன்."

போனை வைத்ததும் மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"ஆறாம கை வைக்கக் கூடாதுன்னா, ஆறு மணி ஆகாம கை வைக்கக் கூடாது" என்றான் சகாயதாஸ்.

"இன்னிக்கு ஆறு மணி போயிடுச்சே" என்றான் தனக்கோடி.

"அப்ப நாளைக்குக் காலைல ஆறு. மேடம் வர்றதுக்குள்ள திறந்து அடுக்கி வச்சுடலாம். அவங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்" என்றாள் மும்தாஜ்.

விடிகாலையில் குளித்து வந்து நின்றார்கள். தனக்கோடி உறை மாட்டிய கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டான். மும்தாஜ் கடிகாரத்தைப் பார்த்து எண்ண, சரியாக ஆறடித்ததும் கதவை ஒரே இழுப்பாக இழுத்தான். உள்ளேயிருந்து அனல் வந்து அவனுடைய மீசையின் வலது பாதியைச் சுருட்டிக்கொண்டு போனது. குளிர்காற்று உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் சூளைக்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். பிறகு 'டிங், டிங்'.

"பேசுது" என்றாள் மும்தாஜ் மெதுவாக.

"ஞாபகம் வந்துடுச்சு. அந்தக் கெட்ட வார்த்தையைத்தான் சொல்லப்போகுது" என்று தனக்கோடி காதைப் பொத்திக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு மேடம் வந்தபோது இரண்டு பானைகள் ஓடாகக் கிடந்தன. ஒன்று மட்டும் முழுசாக இருந்தது.

"ஆறட்டும்னுதானே சொன்னேன்" என்றார்.

"ஆறுக்குத்தான் மேடம் திறந்தோம். ஒரு நிமிஷம் கூட முன்னாடி இல்ல" என்றான் சகாயதாஸ்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, சைக்கிள் ஸ்டாண்டைப் பார்ப்பதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார். "சரி, மிச்சம் இருக்கறது யாரோடது? ஒருத்தராவது தேறட்டும்."

"என்னோடது இல்ல மேடம், மும்தாஜோடது" என்றான் சகாயதாஸ்.

"இல்ல மேடம், தனக்கோடியோடது" என்றாள் மும்தாஜ்.

தனக்கோடி அது சகாயதாஸுடையது என்று சத்தியம் பண்ணத் தயாரானான். இந்தச் சண்டை முடிவதற்குள், வெளியூர்த் தேர்வாளர் கோதண்டபாணி வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பானையைக் கவிழ்த்து, அடியில் இருந்ததை உரக்கப் படித்தார்.

"உங்க பேர்..."

"தனக்கோடி சார்."

"சகாயதாஸ் சார்."

"மும்தாஜ் பேகம் சார்."

"ஓ, மூணு பேரும் சேர்ந்து பண்ணினதா? நல்ல பழக்கம்" என்று மூன்று பேரையும் தாளில் எழுதிக்கொண்டார். மேடம் எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"பானையில தண்ணி ஊத்தி வைங்க. நான் சாப்பிட்டு வர்றேன். தண்ணி நிக்குதான்னு பாருங்க. வெளிப்பக்கம் லேசா வேர்க்கலாம், தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, மேடத்தோடு கேன்டீனுக்குப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் திரும்பினார்கள். பானை காலி. தரையெல்லாம் தண்ணீர். மூவரும் சுவரோரம் மூச்சுக்கூட விடாமல் நின்றிருந்தார்கள்.

"ஒழுகிடுச்சா?" என்றார் கோதண்டபாணி.

"இல்ல சார். சொட்டு கூட ஒழுகல. முக்கால் மணி நேரம் நின்னுச்சு" என்றான் தனக்கோடி தாழ்ந்த குரலில். "அப்புறம் ரொம்ப வேர்த்துடுச்சு சார். நின்னு நின்னு காலு வலிக்கும்ல. அதான் நாங்களே கீழ ஊத்திப் படுக்க வச்சுட்டோம்."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடத்தைப் பார்த்தார்.

"சார், இவங்க தேறலைன்னா அடுத்த வருஷமும் பரீட்சைக்கு இவங்கதான் வருவாங்க. தேர்வாளராவும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க" என்றார் மேடம்.

தேர்வாளர் மூன்று பெயருக்கும் நேராக 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒரு அடி வைத்தார்.

"சார்" என்று கிசுகிசுத்தாள் மும்தாஜ். "அந்த ஓரமாச் சுத்திப் போங்க. இப்பத்தான் கண்ணு அசந்திருக்கு."

கோதண்டபாணி ஓரமாகச் சுற்றித்தான் போனார். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கேட்ட பிறகுதான், தன் இரண்டு செருப்பும் கையில் இருப்பதை அவர் கவனித்தார்.